நூற்று நான்கை 1004 என்று எழுதிய பிள்ளைகளும் சுவரில் ஏறிய திறன்பலகையும்

கண்டனூர் ஓய்வாசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டம் தனி மாவட்டமாகப் பிறந்த 1985-ஆம் ஆண்டில்தான் நானும் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். முதல் இருபத்து நான்கு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியராகவும், அதன்பின் 2022-இல் ஓய்வு பெறும் வரை ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகவும் இருந்தேன். பள்ளிகளை நவீனமாக்குவது பற்றி இங்கே பலரும் எழுதி வருவதைப் படித்தபோது, வகுப்பறைக்குள் நின்று நான் கண்டவற்றை எழுத வேண்டும் என்று தோன்றியது.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருவர் ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்குப் போயிருந்தேன். 2024-இலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 20,000-க்கும் மேற்பட்ட வகுப்பறைகளுக்கு வந்த திறன்பலகைகளில், அதாவது கணினியோடு இயங்கும் தொடுதிரைப் பலகைகளில், ஒன்று அங்கேயும் சுவரில் ஏறியிருந்தது. பலகை நன்றாக இருந்தது. படம் தெளிவாக இருந்தது. ஆசிரியை வெகு அக்கறையோடு நடத்தினார். நான் கடைசி வரிசையில் ஒரு சிறுவனுக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாடவேளை முழுவதும் பலகையைத் தொட்டவை இரண்டே கைகள், அவை ஆசிரியையின் கைகள். என் அருகிலிருந்த சிறுவன் தன் ஏட்டில் ஒரே தவறை மூன்று முறை செய்தான். ஆசிரியை பலகையைப் பார்த்து நின்றதால் அது அவர் கண்ணில் படவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த அறையை அமைத்தவர்கள் ஆசிரியையின் முகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி தந்தது என் பிழை ஒன்று. 2007-08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு எல்லா ஊர்களுக்கும் வந்த முறை அது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். பாடநூலின் இடத்தில் அட்டைகள் வந்தன. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்ட ஏணிப்படி வந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அறையைச் சுற்றிலும் தாழ்வான கரும்பலகை பூசப்பட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு கோடு போட்டுப் பிரித்துத் தரப்பட்டது. எங்களில் பலருக்கு அந்த முறை பிடிக்கவில்லை; எனக்கும் பிடிக்கவில்லை. நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார வேண்டியிருந்தது ஒரு காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் காலை, மூன்றிலக்க எண்களைச் சொல்லி எழுதச் சொன்னேன். நூற்று நான்கு என்றேன். எழுதி முடித்து எல்லோரும் விலகியதும் சுவரைப் பார்த்தேன். ஏழு பங்குகளில் 1004 என்று இருந்தது. பிள்ளைகள் காதில் கேட்டதை அப்படியே எழுதியிருந்தார்கள்: முதலில் நூறு, அதன் பக்கத்தில் நான்கு. அவர்கள் வரையில் அது சரியான விடை. இருபத்து இரண்டு ஆண்டுகளாக நான் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் எண்கள் கற்பித்திருந்தேன். அத்தனை ஆண்டும் அந்தத் தவறு என் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். மாலையில் சிலேட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்ததால், அது ஏழு பேரின் ஒரே எண்ணம் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. அதற்காகச் சில பிள்ளைகளைப் பிரம்பாலும் அடித்திருக்கிறேன். தாழ்வான கரும்பலகை என்ற மிகச் சாதாரணமான ஒரு பொருள், ஒரே பார்வையில் அதைக் காட்டிவிட்டது. மறுநாள் ஈர்க்குக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாக்கி, நூற்று நான்கில் பத்துக் கட்டு ஒன்றுகூடத் தனியாக இல்லை என்பதைப் பிள்ளைகளே தொட்டுப் பார்க்கச் செய்தேன். இரண்டு நாளில் அந்தத் தவறு போயிற்று.

அந்த முறையில் குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. புதிய அட்டைகள் நேரத்துக்கு வரவில்லை. ஒரு பக்கம் முழுவதையும் தொடர்ந்து வாசிக்காமலே ஒரு பிள்ளை பல படிகள் ஏறிவிட முடிந்தது. கதையை உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம் மெல்ல மறைந்தது. ஆனால் அந்த முறை தளர்ந்தபோது எங்கள் பகுதிப் பள்ளிகளில் முதலில் போனது அந்தத் தாழ்வான கரும்பலகைதான். அறைக்கு வெள்ளையடித்தபோது அதன் மேலும் அடித்துவிட்டார்கள். புதுமை என்று வந்தவற்றுள் எது விலைமதிப்புள்ளது என்று யாரும் ஆசிரியர்களைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

என் கருத்து இதுதான்: பிள்ளை இந்த நொடியில் என்ன நினைக்கிறது என்பதை ஆசிரியர் காண உதவுவது எதுவோ அதுவே நவீனம். அதை மறைப்பது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் பழமைதான். மற்றவர்கள், குறிப்பாக இப்போது பணியில் இருப்பவர்கள், தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

புதுவயல் பக்கத்து ஆசிரியை எழுதியது:

ஐயா, வணக்கம். நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இருக்கிறேன். ஐந்து வகுப்புகள், நாற்பத்தொரு பிள்ளைகள், தலைமையாசிரியரும் நானும். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பதால் எங்கள் பள்ளியில் காலியிடம் என்று எதுவும் இல்லை. கணக்கில் எல்லாம் நிறைவாகவே இருக்கிறது. ஆனால் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என்னிடம்தான்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறோம். இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்பதை முன்பெல்லாம் மறைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவோம். இப்போது அந்தப் பிள்ளை அரும்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து தொடங்க அனுமதி இருக்கிறது. பாடல், கதை, கைவினை என்று காலைப் பொழுது நன்றாகப் போகிறது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் பாடவேளையில் சோர்ந்து தலை கவிழ்ந்திருக்கும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். இதுவும் வகுப்பறையைப் பற்றிய செய்திதான் என்பதால் எழுதுகிறேன்.

வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. வருகைப் பதிவு, மதிப்பீடு, நலத்திட்டப் பொருள்கள் வழங்கிய விவரம் என ஒவ்வொன்றையும் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் பள்ளியில் அலைவரிசை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். நான் மரத்தடியில் நிற்கும் நேரம் பிள்ளைகள் அறைக்குள் தனியாக இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்த நொடிப் பார்வை எனக்குக் கிடைக்காமல் போவது பலகையால் அல்ல, இந்தப் பதிவுகளால். இரண்டு பேர் உள்ள பள்ளியில் உங்கள் வழியை எப்படிக் கடைப்பிடிப்பது என்று சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர்க்காரர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஐயா பதினைந்து வயதுக்குள் பர்மாவில் வட்டித் தொழில் நடக்கும் ஒரு கிட்டங்கியில், கணக்குப் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலைப் படித்ததைத் தவிர வேறு படிப்பு அவருக்கு இல்லை. முந்திரி, காணி, மா, வீசம் என்று கீழ்வாய் இலக்கம் என்னும் பின்ன எண்கள் முழுவதையும் மனத்தில் வைத்து, காகிதமே எடுக்காமல் வட்டி சொல்லிவிடுவார். இன்று பொறியியல் படித்த என் மகனுக்குக் கைப்பேசி இல்லாமல் பதினேழை எட்டால் பெருக்கத் தெரியவில்லை. நவீனக் கல்வி எதைத் தந்தது என்ற கேள்வி எனக்கு எழுகிறது. பழைய மனப்பாட முறையையே ஓரளவு மீட்டெடுக்கக் கூடாதா?

இன்னொரு செய்தி. எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து நிதி திரட்டி வருகிறோம். இரண்டு திறன்பலகைகள் வாங்கிக் கொடுக்கலாம் என்று பேசி முடித்திருந்தோம். உங்கள் பதிவைப் படித்த பிறகு தயக்கம் வந்துவிட்டது. என்ன கொடுத்தால் பயன்படும் என்று தாங்களே சொல்ல வேண்டும்.

கண்டனூர் ஓய்வாசிரியர் எழுதியது:

முதலில் பள்ளத்தூர்த் தம்பிக்கு. உங்கள் ஐயாவைப் போன்றவர்களை நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒரு பங்கு, மா 20-இல் ஒரு பங்கு. இவற்றைக் கூட்டவும் பெருக்கவும் வாய்பாடுகளை ஒரு பிள்ளை மனத்தில் நிறுத்தியது பெரிய சாதனைதான். ஆனால் அந்தத் திறமை எண்சுவடியால் மட்டும் வந்தது என்று நான் நம்பவில்லை. திண்ணையில் மனப்பாடம் செய்த பிள்ளை அதன்பின் பெட்டியடியில் உட்கார்ந்து, அடுத்தாள் என்னும் மூத்த ஊழியரின் கண்பார்வையில், உண்மையான பணத்துக்கு உண்மையான வட்டியை நாள்தோறும் எழுதியது. தவறினால் அன்றைக்கே தெரிந்தது. திருத்த ஆள் பக்கத்திலேயே இருந்தார். மனப்பாடத்தை அறிவாக மாற்றியது அந்த இரண்டாவது பள்ளிக்கூடம்.

திண்ணைப் பள்ளியில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை. 1790-களில் சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைச் செய்து, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையாக வளர்த்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆனால் அதே திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லை, பெண் பிள்ளைகள் மிக அரிது, தண்டனையோ கொடுமை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத்தைப் பற்றி நம் முன்னோர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் திண்ணையை மீட்க வேண்டாம், தம்பி. என் பாட்டனாருக்கு அதில் ஏற இடமிருக்கவில்லை. அந்தத் திண்ணையின் கீழே மண்ணில் நின்றவர் அவர்.

வாய்பாடு வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். பதினாறு வரை வாய்பாடு தெரியாத பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் ஏறுவதில்லை. ஒவ்வொரு அடியிலும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கின் போக்கு நழுவிவிடும். ஆனால் பொருள் புரிந்த பிறகு மனப்பாடம் வர வேண்டும். எட்டு ஏழு ஐம்பத்தாறு என்று சொல்லும் பிள்ளை, எட்டு ஆறு நாற்பத்தெட்டிலிருந்து அதைக் கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

நன்கொடை பற்றிக் கேட்டீர்கள். அரசே 2022 டிசம்பரில் நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி என்ற திட்டத்தை, இப்படி உதவ விரும்புவோருக்காகத் தொடங்கியிருக்கிறது. அதன் வழியாகவும் செய்யலாம். எதைக் கொடுப்பது என்பதைப் பள்ளிக்குப் போய் ஆசிரியர்களிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள். கேட்டால் பெரும்பாலும் கழிப்பறைக்குத் தண்ணீர், துப்புரவுக்கு ஒரு ஆள், தடையில்லாத இணையம், கதைப் புத்தகங்கள் என்றுதான் சொல்வார்கள். இவற்றில் நாடா வெட்டிப் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. நம் வட்டாரத்தில் வள்ளல் அழகப்பர் செய்த வரிசையை நினைத்துப் பாருங்கள். 1947-இல் கலைக் கல்லூரி. 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1952-இல் பொறியியல் கல்லூரி. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்த அதே மனிதர், பொறியாளர்களை உருவாக்கும் கல்லூரிக்கு முன்பே ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியைத் தொடங்கியிருக்கிறார். அந்த முன்பின் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புதுவயல் அம்மாவுக்கு: மரத்தடி அலைவரிசைக்கு என்னிடம் தீர்வு இல்லை. பதிவு வேலைக்கென்று அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்துக்கு ஒரு எழுத்தரை நியமிக்க வேண்டும் என்று ஓய்வு பெறும் நாள் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன், நீங்களும் கேளுங்கள். கற்பித்தலைப் பொறுத்தவரை, ஐந்து வகுப்பையும் ஒரே நேரத்தில் நடத்த முயல வேண்டாம். தலைமையாசிரியர் இல்லாத நாளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பொருளில் வைத்து, வேலையை மட்டும் வேறாக்குங்கள். ஊருணி என்று எடுத்துக்கொண்டால், அரும்புப் பிள்ளைகள் ஊ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தேடட்டும். மொட்டுப் பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை நான்கு வரி எழுதட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஊருணியின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து வந்து பரப்பளவு கணக்கிடட்டும். மழைநீர் எங்கிருந்து வருகிறது, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டது என்று பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் அரும்புக் குழுவோடு தரையில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைகளின் எழுத்தை அவர்கள் எழுதும்போதே பார்த்தால், ஐந்து நாளில் நாற்பது பேர் ஆகிவிடும். நாற்பத்தொன்றாவது பிள்ளையைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார்.

முடிந்தால் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கம் மட்டுமாவது கறுப்புப் பூசுங்கள். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசித்தான் நாங்கள் அந்தக் காலத்தில் பலகையைக் கருமையாக்குவோம், செலவே இல்லை.

காரைக்குடி கணினி ஆசிரியர் எழுதியது:

மதிப்பிற்குரிய ஐயா, நான் தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் முதல் பதிவில் ஓர் அநீதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தவறாகப் பயன்படுத்தப்பட்ட ஒரு திறன்பலகையையும் சரியாகப் பயன்படுத்தப்பட்ட ஒரு கரும்பலகையையும் எடுத்து எதிரெதிரே வைத்திருக்கிறீர்கள். பார்வைக் குறையுள்ள மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். எழுத்தைப் பெரிதாக்கியும் பாடத்தைக் குரலாகக் கேட்டும் அவள் இன்று மற்றவர்களோடு சேர்ந்து படிக்கிறாள். முப்பது ஆண்டுக்கு முன் அவளை இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்தியிருப்பார்கள். சந்திர கிரகணத்தையும் இதயம் துடிப்பதையும் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் அசையாது. பாடநூல்களில் 2018 முதல் அச்சாகும் கட்டக்குறியை (QR) கைப்பேசியால் வருடினால் வரும் காணொளிகளில் சில உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. கல்வித் தொலைக்காட்சி கொரோனா காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் பள்ளியாக இருந்தது.

இன்றைய பிள்ளைகள் கேள்வியைக் கைப்பேசியிடம் கேட்டு, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கட்டுரையை அப்படியே வீட்டுப்பாடமாகக் கொண்டு வருகிறார்கள். இதைக் கையாளக் கரும்பலகை போதுமா என்று கேட்கிறேன். தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கண்டனூர் ஓய்வாசிரியர் எழுதியது:

கோபமில்லை, தம்பி. நீங்கள் சொன்னது சரி. என் ஒப்பீடு நடுநிலையானதாக இல்லை. அந்த மாணவியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதையும் எழுதாமல் இருந்த சில பிள்ளைகளுக்குக் கண் தெரியவில்லை என்பதே ஆண்டு இறுதியில்தான் எனக்குத் தெரிய வந்திருக்கிறது.

எனக்கும் கணினி உதவிய ஒரு பாடத்தைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் வட்டி நடத்தும்போது, ஊரில் எப்படிக் கடன் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றான் ஒருவன். 40,000 ரூபாய்க்கு மாதம் 800, ஆண்டுக்கு 9,600, அதாவது 24 விழுக்காடு என்று பிள்ளைகளே போட்டுவிட்டார்கள். அப்போது ஒரு பெண் எழுந்து, தன் தாயார் 10,000 ரூபாய் வாங்கி மாதம் 1,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டுவதாகவும், அது 20 விழுக்காடுதானே, ஆகவே மலிவல்லவா என்றும் கேட்டாள். வகுப்பு முழுவதும் ஆம் என்றது. நான் மறுநாள் பள்ளிக்கு வந்திருந்த கணினிகளில் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஓர் அட்டவணையைத் திறந்து, ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருவதை அவர்களையே நிரப்பச் சொன்னேன். வட்டி விகிதத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் மாதக் கடைசியில் பாக்கி சுழியாவது எந்த விகிதத்தில் என்று தேடினார்கள். மாதம் 2 விழுக்காட்டில் கடன் முன்கூட்டியே தீர்ந்துவிட்டது, 3 விழுக்காட்டில் சற்று மிச்சம் நின்றது, கடைசியில் 2.9-க்கும் 3-க்கும் நடுவே வந்து நின்றார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 35 விழுக்காடு. அந்த அறையில் அப்போது எழுந்த ஓசையை நான் மறக்க மாட்டேன். இதைக் கரும்பலகையில் செய்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். பாதிப் பேர் வழியிலேயே விட்டிருப்பார்கள். கணினி அங்கே கணக்கைச் சுமந்தது, யோசித்தவர்கள் பிள்ளைகள்.

இன்னொரு பாடத்துக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. சமச்சீர்த் தன்மை நடத்தும் நாளில் நம் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரை ஓடான ஆத்தங்குடிக் கல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு போவேன். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள், சூளை இல்லை. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கமே பளபளப்பான மேற்பக்கமாகிறது. அந்தக் கல்லில் க என்ற எழுத்து வர வேண்டுமானால் குழம்பை எப்படி ஊற்ற வேண்டும் என்று கேட்பேன். உடனே கையைத் தூக்குபவர்கள் நேராக ஊற்றலாம் என்பார்கள். ஆத்தங்குடியிலிருந்து வரும் பிள்ளை ஒன்று இருந்தால், அது சிரித்துக்கொண்டே தலையாட்டும். மதிப்பெண் பட்டியலில் எப்போதும் கீழே இருக்கும் அந்தப் பிள்ளைதான் அன்று வகுப்புக்குப் பிரதிபலிப்பைக் கற்பிக்கும். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டு வரும் அறிவுக்கு வகுப்பறையில் இடம் தருவதையும் நான் நவீனம் என்றே சொல்கிறேன்.

யுனெஸ்கோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் என்ற ஒன்றையே பொருளாகக் கொண்டது. கருவிகள் கற்றலை உயர்த்துகின்றன என்பதற்கு உறுதியான சான்று குறைவாகவே இருக்கிறது என்று அது சொல்கிறது. கருவியே வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. எந்தப் பாடத்துக்கு, எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டுப் பயன்படுத்த வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாணவிக்கு அது கட்டாயம் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எழுதும் கட்டுரைக்கு ஒரு வழி உண்டு: வீட்டில் எழுதி வரச் சொல்லாமல் வகுப்பில், நம் கண் முன்னே எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுதியதைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். அறுபது பேர் உள்ள வகுப்பில் இது இயலாது என்பீர்கள். ஆம், இயலாது; அதனால்தான் வகுப்பின் அளவைப் பற்றி நாம் முதலில் பேச வேண்டும்.

தேவகோட்டைத் தாயார் எழுதியது:

இங்கே ஆசிரியர்களே பேசிக்கொண்டிருப்பதால் தயக்கத்தோடு கேட்கிறேன். மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நாங்கள் பார்த்த பள்ளிகளில் ஒன்றில் எல்லா அறைகளிலும் திறன்பலகை, குளிர்சாதனம் எல்லாம் இருக்கின்றன. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் அவ்வளவு வசதி இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள் என்பதால், படிப்பின் தரம் இறங்கிவிடுமோ என்றும் அச்சமாக இருக்கிறது. ஒரு பள்ளியில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

கண்டனூர் ஓய்வாசிரியர் எழுதியது:

ஆச்சிக்கு வணக்கம். பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது, முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் ஏட்டைக் காட்டுவார்கள். நடுவில் இருக்கும் ஒரு பிள்ளையின் ஏட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிவப்பு மையில் சரி என்ற குறி மட்டும் இருக்கிறதா, அல்லது எங்கே தவறியது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளின் ஏட்டிலும் ஒரே விடை சொல்லுக்குச் சொல் இருந்தால், அது ஆசிரியர் எழுதிப்போட்ட விடை. பிறகு, இடைவேளையில் பிள்ளைகள் ஆசிரியரிடம் தாமாகப் போய்ப் பேசுகிறார்களா என்று பாருங்கள். அரசுப் பள்ளியிலும் இதையே பாருங்கள். அரசுப் பள்ளி என்பதற்காக நான் சலுகை கேட்கவில்லை.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்ததற்குக் காரணமே, பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தியதுதான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைவதை வரவேற்கிறேன். ஆனால் பழைய பழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை எனக்கும் உண்டு. பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தைத் தாண்டிக் குதித்து வந்த மாணவர்கள் பொறியியல் முதலாண்டில் தடுமாறியதை நேரில் கண்டிருக்கிறேன். உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. சேர்க்கும்போதே பள்ளியிடம் இதைக் கேட்டு வையுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர்க்காரர் எழுதியது:

ஐயா, தங்கள் பாட்டனாரைப் பற்றி எழுதிய வரி என்னை வெகுவாகப் பாதித்தது. நான் அதை நினைக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஊரிலிருக்கும் என் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னேன். தலைமையாசிரியை கேட்டது தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மோட்டாரும், வாசிப்புக்கு முந்நூறு கதைப் புத்தகங்களும். இரண்டையும் செய்கிறோம். மிச்சப் பணத்துக்கு மறுபடியும் அவரையே கேட்கப் போகிறோம்.

புதுவயல் பக்கத்து ஆசிரியை எழுதியது:

ஐயா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கோவை இலை கிடைத்தது. பிள்ளைகளே பறித்து வந்தார்கள். கரியைச் சத்துணவு அம்மா தம் வீட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தார். சுவரின் கீழே ஒரு பக்கம் முழுவதும் பூசிப் பதினான்கு பங்காகப் பிரித்திருக்கிறோம். ஒரே பொருளில் எல்லோரையும் வைக்கும் வழி முதல் இரண்டு நாள் சந்தைக்கடையாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஓரளவு படிந்திருக்கிறது. செயலிப் பதிவு மட்டும் இன்னும் மரத்தடியில்தான்.

நேற்று நூற்று நான்கு எழுதச் சொன்னேன். நீங்கள் சொன்னபடியே ஐந்து பேர் 1004 என்று எழுதினார்கள். ஈர்க்குக் கட்டோடு தயாராக இருந்தேன். ஆனால் ஒரு பெண் குழந்தை 14 என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஒன்றுமில்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று என்னையே கேட்டாள். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன், ஐயா. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்தேன்.

கண்டனூர் ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, இந்த விடையை என் முப்பத்தேழு ஆண்டில் நான் பார்த்ததில்லை. அல்லது பார்த்தும் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். அவளுக்குப் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். பதினான்கு என்று சொல்லி அவளையே எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதை அவள் பார்க்கட்டும். பிறகு மூன்று சிரட்டைகளை வரிசையாக வைத்து, நூற்று நான்குக்கான கட்டுகளை அவளே போடட்டும். நடுச் சிரட்டை வெறுமையாக இருக்கும். அதை எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். வியாழக்கிழமை நான் புதுவயல் பக்கம் வருகிறேன்; அனுமதி இருந்தால் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க ஆசைப்படுகிறேன்.